பூச்சு இல்லாத போல்ட்

பிடுங்கிய பிளக்கை ரம்பமேசையின் மேலேயே, தன் கண்ணில் படும்படி வைத்த பிறகுதான் காவ் ஜின்-தூ வாயைத் திறப்பார். அதுவரை பட்டறைக்காரர் தேநீரை நீட்டினாலும் வாங்க மாட்டார். அப்புறம் முழங்கைவரை ஏறும் பூப்போட்ட துணி உறைகளை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொள்வார். வயலுக்குப் போகும் பெண்கள் வெயிலுக்காகப் போடுபவை அவை.

"என்ன தூ அண்ணே, கல்யாணத்துக்குக் கெளம்பிட்டீங்களா?" என்பார்கள்.

"உன் கல்யாணத்துக்குத்தான்டா. மொதல்ல பொண்ணு கெடைக்கட்டும்."

சிரிப்பு அத்தோடு முடிந்துவிடும். மேசையைத் துடைக்கத் தொடங்கிவிட்டால் அவர் வேறு ஆள்.

எங்கள் ஊரான ஃபெங்யுவானைச் சுற்றியுள்ள மரப்பட்டறைகளில் வட்ட ரம்பங்களை நேராக்கி வைப்பது அவர் தொழில். நான் ரம்பப் பற்களைத் தீட்டும் கடை வைத்திருக்கிறேன். தீட்டிய பிளேடுகளோடு பல நாள் அவருடைய நீலநிற லாரியிலேயே தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன். பிளேடில் ஒரு பல்லுக்கு மட்டும் மையால் புள்ளி வைப்பார். மயிரிழை வித்தியாசத்தையும் முள்ளால் காட்டும் டயல் கருவியின் முனையை அந்தப் பல்லில் முன்பக்கம் ஒருமுறை தொடவிடுவார். பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி தொடவிடுவார். இரண்டு இடத்திலும் முள் ஒரே கோட்டில் நின்றால் பிளேடு மேசைக்கு நேர். இல்லாவிட்டால் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோலத் தட்டுவார். "வேற பல்லுல வெச்சா என்னண்ணே?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "உன் உயரத்த இங்க அளந்துட்டு, உன் தம்பி உயரத்த அங்க அளந்தா வீட்டுத் தரை கோணல்னு சொல்லலாமா?" என்றார்.

"சரியா இருக்கா?" என்று யாராவது அவசரப்பட்டால் ஒரே பதில்தான்: "முள்ளு சொல்லட்டும்."

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு போல்ட்டை இறுதியாக முடுக்கியதும் அதன் தலைக்கும் மேசைக்கும் சேர்த்துச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார். போல்ட் பின்னால் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பூச்சு அவர் மனைவியுடையது. "என் நகத்துல இருக்கறதவிட ஊர் ரம்பத்துலதான் செவப்பு அதிகம்" என்று அந்த அம்மாள் திட்டுவதை நானே கேட்டிருக்கிறேன்.

போன ஆண்டு மழை ஓய்ந்த நேரத்தில் ஷென்காங்கிலிருந்து பீ-யுன் கூப்பிட்டார். அவரும் கணவர் வென்-தெங்கும் இரண்டே பேராகக் கதவுப் பட்டறை நடத்தியவர்கள். வென்-தெங் முன்னால் நின்று பலகையைத் தள்ளுவார். பீ-யுன் பின்னால் நின்று வாங்குவார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒருநாள் பலகை திரும்பிப் பறந்து வென்-தெங்கின் வயிற்றில் அடித்தது. ஒன்றுமில்லை என்று ஸ்டூலில் உட்கார்ந்தவர், அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ரம்பத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி மைத்துனர்கள் வற்புறுத்தினார்கள். பீ-யுன் தார்ப்பாயைப் போட்டு மூடினாரே தவிர, விற்கவில்லை.

நாங்கள் போனபோது தார்ப்பாயை அவரே இழுத்து மடித்தார்.

"இப்பவே சரி பண்ண வேண்டாம் தூ அண்ணே. மொதல்ல பாத்துச் சொல்லுங்க. நான் இழுத்ததாலதானா?"

ஜின்-தூ பிளக்கைத் தேடிப் பிடித்து மேசைமேல் வைத்தார்.

"அன்னிக்குப் பலகையில ஈரம். பாதியில நின்னுடுச்சு. நான் பின்னாலேர்ந்து வெடுக்குன்னு இழுத்தேன். கோணலா இழுத்துட்டேனோ என்னமோ. யாரும் என்னைக் கேக்கல. நானேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எனக்குத் தெரியாது அண்ணி. முள்ளு சொல்லட்டும்" என்றார்.

பிளேடு நேராகவே இருந்தது. அடுத்து கைடு, பலகை ஒட்டிக்கொண்டு நகர்வதற்காகப் பிளேடுக்குப் பக்கத்தில் நிற்கும் நீளமான இரும்புக் கட்டை. அதைப் பூட்டிவிட்டு, கருவியை அதன் முன்பக்கம் வைத்தார். முள் அசையவில்லை. பின்பக்கம் கொண்டுபோனதும் முள் சரசரவென்று ஓடியது. பூட்டைத் திறந்து மறுபடி பூட்டி அளந்தார். மறுபடியும் ஓடியது.

"இங்க வாங்க அண்ணி. நீங்களே புடிச்சுப் பாருங்க."

பீ-யுன் கருவியைக் கையில் வாங்கித் தானே நகர்த்திப் பார்த்தார்.

"பலகை உள்ள போகப் போக எடம் குறுகுது. பின்னால கைடுக்கும் பிளேடுக்கும் நடுவுல நெரிபடுது. அங்க பல்லு கீழேர்ந்து மேல வரும். நெரிபட்டதத் தூக்கி முன்னால நிக்கிறவர் மேல எறியும். பலகை நடுவுல நின்னதுக்கும் இதுதான் காரணம். நீங்க இழுக்காம இருந்தாலும் எறிஞ்சிருக்கும்."

பிளேடுக்குப் பின்னால், வெட்டிய பிளவு மூடாமல் காக்க ஒரு மெல்லிய தகடு நிற்க வேண்டும். அதுவும் இல்லை. பலகையில் காடிப் பள்ளம் எடுக்க இடைஞ்சல் என்று வென்-தெங் எப்போதோ கழற்றிவிட்டாராம்.

"சரி, கைடு எப்படிக் கோணிச்சு?" என்றார் பீ-யுன்.

ஜின்-தூ குனிந்தார். நானும் குனிந்தேன். கைடைப் பிடிக்கும் போல்ட்டுகள் இரண்டு. ஒன்றில் சிவப்புக் கோடு உடையாமல் இருந்தது. இன்னொன்றின் தலை வெறுமையாக இருந்தது. கோடு அழிந்த சுவடுகூட இல்லை.

அந்தப் பட்டறையில் அதன் பொருள் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். பழைய மிஷின், அதிர்வு, பலகை மோதியிருக்கும் என்று எதைச் சொல்லியிருந்தாலும் அந்தப் பெண் நம்பியிருப்பார். ஜின்-தூ எழுந்து நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இத கடைசியா நேராக்கினது நான். முடுக்குன போல்ட்டுக்கு நான் செவப்பு வெப்பேன். இதுல செவப்பு இல்ல. அப்படின்னா நான் முடுக்கல, அண்ணி."

பீ-யுன் அவரையே பார்த்தார்.

"மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன். எதனாலன்னு ஞாபகம் இல்ல. கையால திருகி நிறுத்தியிருக்கேன், ஸ்பேனர் போடல. கொஞ்ச நாள் நின்னிருக்கும். அப்புறம் எளகிடுச்சு."

பீ-யுன் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "கெளம்பிடலாமாண்ணே?" என்று நான் காதோடு கேட்டேன். "அவங்க போகச் சொல்லல" என்றார். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தும் அவர் உட்காரவில்லை.

திரும்பி வந்த பீ-யுனின் முகமும் கைகளும் ஈரமாக இருந்தன. ஈரக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இந்தக் கையால சோறு எடுத்து வெக்கக்கூட எனக்குப் புடிக்கல, இத்தன மாசமா." கைகளைத் துடைத்துக்கொண்டார். "உங்கள என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல அண்ணே. இன்னிக்குத் தெரியல. மிஷின சரி பண்ணுங்க. கதவு வேலை காத்துக்கிட்டிருக்கு."

ஜின்-தூ சரி செய்தார். கைடின் பின்முனை பிளேடைவிட்டு ஒரு மயிரிழை விலகியே நிற்கும்படி வைத்தார். இழுப்பறையில் கிடந்த தகட்டைத் தேடி எடுத்து, துருவைத் தேய்த்து, பிளேடுக்கு நேர்கோட்டில் மாட்டினார். வெறுமையாக இருந்த போல்ட்டுக்கு வந்ததும் ஸ்பேனருக்காக பீ-யுன் கையை நீட்டினார். ஜின்-தூ கொடுத்துவிட்டு விலகினார். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அந்த அம்மாள் முடுக்கினார். நான் தீட்டிக் கொண்டுபோயிருந்த பிளேடை மாட்டினோம்.

"இனிமே யாரு தள்ளுவா?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் பீ-யுன்.

பிளக்கைச் சொருகினார். கணவர் நின்ற பக்கம் போய், பலகையின் நேர்க்கோட்டிலிருந்து ஒதுங்கி நின்றார். ரம்பம் சுழலத் தொடங்கியது. பலகையைக் கைடோடு ஒட்டி வைத்தவர் மேற்கொண்டு தள்ளவில்லை. பிளேடுக்கு அப்பால், மேசை முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பலகையை வாங்க அங்கே யாரும் இல்லை.

ஜின்-தூ மேசையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். உள்ளங்கைகள் இரண்டையும் மேல்நோக்கி விரித்து, பலகையை ஏந்திக்கொள்ள மேசை விளிம்புக்கு நேராக நீட்டியபடி நின்றார்.