ஒன்றாம் நம்பர் சளி

எங்கள் வீட்டில் சளிக்கு நம்பர் உண்டு. சிரிக்காதீர்கள். பாம்பன் துறைமுகத்துக் கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள் இல்லையா, அதே கணக்குதான். ஒன்றாம் நம்பர் ஏறினால் புயல் எங்கேயோ தூரத்தில் கிடக்கிறது என்று பொருள். நம்பர் கூடக் கூட நமக்குக் கிட்டே வருகிறது. மூன்று ஏறிவிட்டால் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டு ஆண்கள் எல்லாம் சீட்டாட உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் என் மகன். சின்னப் பிள்ளையில் அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் வேப்பெண்ணெய். காலையில் கண் விழித்ததும் ஒரு இருமல் இருமுவான்.

"ஆத்தா, மூணாம் நம்பர் ஏத்தியாச்சு. இன்னைக்கு யாரும் வெளிய போகக் கூடாது."

நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சில்லென்று இருக்கும். "ஏலே, இது ஒன்னாம் நம்பர்தான்லே. எந்திரிச்சுப் பல்ல வெளக்கு" என்று விரட்டுவேன். அன்றிலிருந்து மூக்கு ஒழுகினால் ஒன்று. இருமல் சேர்ந்தால் இரண்டு. காய்ச்சல் என்றால் மூன்று, பள்ளிக்கூடம் கிடையாது. மூச்சு இழுத்தால் நம்பரெல்லாம் பார்ப்பதில்லை, நேரே ஆஸ்பத்திரி.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவள் அவன் மகள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான் தெரிகிறது. ஆனாலும் வரிசை தப்பாத எறும்பு. "அப்பத்தா, கதையச் சொல்லு, என்னப் புகழாத" என்கிறாள். சரி.

மகன் பெரியவனாகி, வள்ளத்தில் போய், கல்யாணம் முடித்து, இவளைப் பெற்றான். இவளுக்குச் சளி பிடித்தால் மடியில் போட்டு மூக்கைத் துடைத்துவிட்டு, "எத்தனாம் நம்பர் ஏத்திருக்க தாயி?" என்று கேட்பான். இவளுக்கு எண்ணத் தெரியாத வயது. ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவாள். "அய்யய்யோ, ஊரே போச்சு!" என்று கூரை அதிரச் சிரிப்பான்.

அவன் போன அன்று கம்பத்தில் ஏறியிருந்தது ஒன்றாம் நம்பர்தான். விசைப்படகுகள் போகவில்லை. கரையை ஒட்டி வலையை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று வள்ளக்காரர்கள் சிலர் கிளம்பினார்கள். நான் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன்.

"வானத்தப் பாத்தியாலே?" என்றேன்.

"ஒன்னாம் நம்பருக்கெல்லாம் வீட்ல ஒக்காந்தா ஒல எப்படிக் கொதிக்கும்? போயிட்டு வாரேன் ஆத்தா."

மத்தியானம் காற்று திரும்பியது. வள்ளம் கவிழ்ந்து குந்துகால் கரையில் ஒதுங்கியது. கூடப் போன இருவரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவன் வரவில்லை. கோயிலில் துக்க மணி அடித்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்ணில் சிலுவை நட்டோம்.

பிறகு மருமகள் நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. விடியுமுன் வேன் வந்துவிடும். அதனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பார்ப்பது என் பொறுப்பாயிற்று. இவள் ஒரு தும்மல் தும்மினால் போதும், புத்தகப் பையைத் தூக்கிப் பரணில் வைத்துவிடுவேன்.

"ஒன்னாம் நம்பர்தான் அப்பத்தா" என்று அழுவாள். அந்தச் சொல்தான் எனக்கு ஆகாது.

வீட்டில் வைத்துக்கொண்டு கற்பூரவல்லிச் சாறு, மிளகுக் கஷாயம், நண்டு ரசம் என்று ஒன்று மாற்றி ஒன்று கொடுப்பேன். நண்டில் நல்ல சதையெல்லாம் கப்பலேறிப் போய்விடும், எங்களுக்குக் கால்தான். ஆனால் ரசத்துக்குக் கால்தான் ருசி, அது வெள்ளைக்காரனுக்குத் தெரியாது.

இவள் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. இவள் மூக்கும் விடாமல் ஒழுகியது. மழை சற்று ஓய்ந்தால் தெருப்பிள்ளைகள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே நொண்டியடிப்பார்கள். நடுவில் இவள் வாய்ப்பாடு தெரியாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்து வந்த என் மருமகள் அதைப் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. ஓடு குத்திக் கிழிந்த விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் நண்டு ஒடைக்கிறது இவ ஒடைக்கக் கூடாதுன்னுதான் மாமி."

மறுநாள் தெருவுக்கு நர்சம்மா வந்தார். நானே கூப்பிட்டுப் பிள்ளையைக் காட்டினேன்.

"காய்ச்சல் இருக்காம்மா?"

"இல்ல."

"சாப்புடுறாளா?"

"சட்டிய வழிச்சுத் திங்கிறா."

நர்சம்மா இவள் சட்டையைத் தூக்கி மூச்சைப் பார்த்தார். "நெஞ்சுல குழி விழல, இழுப்பும் இல்ல. பெறகு எதுக்கு வீட்ல வச்சிருக்கீக? காய்ச்சல் அடிச்சா, சோறு தண்ணி எறங்காமச் சுருண்டு படுத்தா அனுப்பாதீக. மூச்சு வாங்குனா ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. மாத்திர குடுக்காமலே ஒரு நா முழுக்க ஒடம்பு சுடலைன்னா அனுப்பலாம். மூக்கு ஒழுகுறதெல்லாம் மெள்ளத்தான் நிக்கும். முழங்கைய மடக்கி வாய மறைச்சு இருமச் சொல்லிக் குடுங்க, போதும்."

"அப்ப ஒன்னாம் நம்பருக்குப் போகலாம்ங்கிறீக."

"என்ன நம்பரும்மா?"

இவள் முந்திக்கொண்டு கூண்டுக் கணக்கை விளக்கினாள், அப்பா சொன்னது என்று. நர்சம்மா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் இவள் தும்மினாள். நெற்றியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், மூச்சு சீராக ஓடியது. பரணிலிருந்து பையை எடுத்தேன். எவ்வளவு மெதுவாகப் பின்ன முடியுமோ அவ்வளவு மெதுவாக இரட்டைச் சடை பின்னினேன். சடை பின்ன எவ்வளவு நேரம்தான் பிடிக்கும்?

"போயிட்டு வாரேன் அப்பத்தா."

அதே சொல். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன். கையை மட்டும் ஆட்டினேன்.

அன்று வெயில் கண்டு காயப்போட்ட நெத்திலியில் பாதி காக்காய்க்குப் போயிற்று. என் காது முழுக்கப் பள்ளிக்கூட மணியில்தான் இருந்தது.

சாயங்காலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடிவந்தாள். "டீச்சர் எனக்குத் தனியா ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தாங்க! கேக்குறியா?"

நான் எங்கே கேட்டேன்? இழுத்து அணைத்துக்கொண்டேன். வேர்வையும் சாம்பாருமாக மணத்தாள்.

"விடு அப்பத்தா, ஒன் சேலையில மூக்கு ஒழுகுது."

"ஒழுகட்டும்" என்றேன்.

வேனிலிருந்து இறங்கி வந்த மருமகள், கால்கூடக் கழுவாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"பள்ளிக்கூடம் போனாளா மாமி?"

"போயிட்டு வந்துட்டா."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே இவள் இருமி இருமி ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.