அம்மாவின் இடுப்பு முடிச்சு

எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் சேலைக்கு ஊசி குத்தமாட்டார்கள். சேலையின் முனையை வலப்பக்க இடுப்பில் இறுக்கி ஒரு முடிச்சு போடுவார்கள். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, முந்தானையை முதுகைச் சுற்றி இடுப்பில் அடக்கி, அதற்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு. அட்டைக்கும் எறும்புக்கும் குளிருக்கும் சேர்த்து அதுதான் உடுப்பு. செடி பிடித்து இழுத்தாலும் அவிழாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது சட்டையைக் கழற்றிவிட்டு, கொசுவத்தைப் பாதம் வரை இறக்கி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொள்வார்கள். முடிச்சு மட்டும் அதேதான்.

அம்மா முப்பது வருஷம் அப்படிக் கட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அவளுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் குழறியது. சேலத்தில் டைப்பிஸ்ட் வேலையில் இருந்த நான் அதை விட்டுவிட்டு அம்மாவுக்கு இரண்டு நைட்டியோடு பஸ் ஏறினேன். நைட்டி அப்போதுதான் கடைகளில் வர ஆரம்பித்திருந்தது. தலைவழியே மாட்டினால் முடிந்தது வேலை என்று எனக்குப் பெருமை வேறு.

அம்மா மாட்டிக்கொண்டாள். ஆனால் அதோடு வாசல் பக்கம் வர மறுத்துவிட்டாள். ஞாயிறு காலையில் கோயில் மணி அடித்ததும் இடது கையால் சேலைப் பெட்டியைக் காட்டினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்க அப்போது அவளால் முடிந்தது. ஆறு ஊசி குத்திக் கட்டிவிட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் சேலை சரிந்து காலில் விழுந்தது.

அடுத்த ஞாயிறும் அப்படியே. "நேரா நில்லும்மா!" என்று கத்தினேன், அவள் வேண்டுமென்றே சாய்ந்து நிற்பது போல. எனக்கு எப்போதும் மூக்கின்மேல் கோபம்.

"வலது பக்கமா முடிச்சுப் போடு சாமி," என்றார் அப்பா.

"எப்படிப்பா போடறது?"

"அது தெரியாதே கண்ணு. தெனமும் கண்ணு முன்னாடிதான் கட்டினா. நான் எங்க கவனிச்சேன்?"

அம்மா இடது கையைக் காற்றில் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அழுதாள். நானும் அழுதேன். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார்.

அம்மாவோடு பழம் பறித்தவர்கள் அடிக்கடி பார்க்க வந்தார்கள். ஒருவரையும் நான் உள்ளே விடவில்லை. "தூங்கறாங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். நைட்டியில் அம்மாவை யாரும் பார்த்துவிடக் கூடாது. அவள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு எனக்கு. மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. அதற்குள் அவளுடைய நல்ல காலும் தளர்ந்துவிட்டது.

ஒரு ஞாயிறு தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கதவு திறந்து கிடந்தது. அம்மாவோடு ஒரே நிரையில் பழம் பறித்த பக்கத்து வீட்டு அக்கா உள்ளே இருந்தார். அப்பா அம்மாவைத் தாங்கிப் பிடித்திருக்க, அந்த அக்கா முடிச்சைப் போட்டு, கொசுவத்தைச் செருகி, முந்தானையை அம்மாவின் தலைக்கு இழுத்துவிட்டார். நான் குடத்தை இறக்கி வைப்பதற்குள் முடிந்துவிட்டது. சேலை அசையவில்லை.

"இதுக்கா இத்தன நாளு கதவச் சாத்தி வெச்சிருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாராவாரம் வந்து கட்டி உட்டிருப்பேனே கண்ணு," என்றார்.

கோயில் மணி அடித்தது. மூவரும் தாங்கியும் அம்மாவால் வாசற்படியில் ஒரு காலை இறக்கி வைக்க முடியவில்லை. அங்கேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கோயிலுக்குப் போனவர்களையும் திரும்பி வந்தவர்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் நைட்டியை எடுத்துக்கொண்டு போய், முடிச்சில் கை வைத்தேன். இடது கையால் என் கையைத் தட்டிவிட்டாள்.