இருபத்தேழாம் வசனம்

எங்கள் வீட்டில் விடியற்காலைக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் விளக்கு, அடுத்து வரக்காப்பி, பிறகு வேதத்தில் ஓர் அதிகாரம், கடைசியாக அம்மாவுக்கு ஒரு வசனம். அதன் பிறகுதான் பெரட்டு. பீடோருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், இருட்டோடு ஆட்களை நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவதற்கு அதுதான் பெயர். கூப்பிடும்போது நிற்காதவர்களுக்கு அன்று வேலை கிடையாது. ஆகவே நீளமான அதிகாரம் வரும் நாட்களில் அப்பா மூச்சுவிடாமல் வாசிப்பார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பா அன்றைய அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தைத் தேர்ந்து, அதிகார எண், வசன எண் இரண்டையும் சேர்த்து மூன்று முறை சொல்லிக்கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு அவள் தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, தன் நிரைக்கு, போவாள். அவளுக்கு முந்நூற்றுச் சொச்சம் மரங்கள். ஒரு மரத்தின் பட்டையைச் சீவி, பால் வடியும் மங்குக் கோப்பையைச் சரியாக வைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஒரு வசனம் முடியும். அடுத்த மரத்தில் மறுபடியும் அதே வசனம். "பத்தாவது மரம் வரைக்கும் வாய்தான் சொல்லும். நூறு தாண்டினாத்தான் எனக்கே காது கேக்கும்" என்பாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பாவால் வாசிப்பை நிறுத்த முடியாமல் போயிற்று. முதல் வாரம் பெரட்டு மணி அடித்த பிறகும் வாசித்தார். இரண்டாம் வாரம் புத்தகத்தை நிரைக்கு எடுத்துப்போய் மரங்களுக்கு வாசித்தார். மூன்றாம் வாரம் சோறு வேண்டாம் என்றார். நான்காம் வாரம் சட்டையில்லாமல் மழையில் நின்றவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வந்து வண்டியில் ஏற்றினார்கள். புத்தகத்தை அம்மா அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் விளக்கவில்லை. தஞ்சோங் ரம்புத்தான் என்றார்கள்; மனநோய் ஆஸ்பத்திரி இருந்த அந்த ஊர்ப் பேர் போதும். பிள்ளைகள் சண்டையில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் பேர் அது.

அடுத்த வீட்டுப் பெரியம்மா அம்மாவிடம் சொன்னார்: "படிச்சுப் படிச்சுத்தான் மூளை கலங்கிப்போச்சு. அந்தப் பொஸ்தகத்தத் தூக்கி ஆத்துல போடுலா. பிள்ளைக்கும் ஒட்டிக்கும்."

"அதப் போட்டுட்டு நான் எத வச்சு மரம் சீவுறது, அக்கா?" என்றாள் அம்மா.

மறுநாள் விடியலில் அவள் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அப்பா கற்றுத்தந்தது. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், தாவக் கூடாது. பக்க அடையாளத்துக்கு வைத்த நூல்கயிறு கிடந்த இடம் எனக்கு வாய்த்த துரதிர்ஷ்டம். பிள்ளைகளையும் மந்தைகளையும் உடம்பின் சுகத்தையும் ஒவ்வொன்றாக இழந்து சாம்பலில் உட்காரும் ஒரு நல்ல மனிதனின் கதை அங்கே தொடங்குகிறது.

முதல் நாள், எல்லாரும் மடிந்தார்கள் என்று ஆள் ஓடிவந்து சொல்லும் வசனத்தைக் கொடுத்தேன். இரண்டாம் நாள், அவன் ஓட்டுத் துண்டை எடுத்துத் தன்னைச் சுரண்டிக்கொள்ளும் வசனம். அன்று மத்தியானம் அம்மா பால் வாளியை இறக்கிவைத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்: "கண்ணு, நாளைக்காச்சும் கொஞ்சம் நல்லதா ஒண்ணு பாத்துக் குடுக்கிறியா?"

மூன்றாம் அதிகாரத்தில் அந்த மனிதன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். இருபத்தாறு வசனங்கள். இரண்டு முறை மேலும் கீழும் தேடினேன். கொடுக்கக்கூடியதாக ஒன்றும் இல்லை. அம்மா மரம் சீவும் உளியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். மணி அடித்தது. நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "மூன்றாம் அதிகாரம், இருபத்தேழாம் வசனம். மழை ஓய்ந்தபின்பு அவனை உன் வாசலண்டைக்குத் திரும்பக் கொண்டுவருவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்."

இருக்கிற எண்ணை எடுத்திருக்கலாம். ஆனால் உண்மையான வசனம் ஒன்றின் இடத்தைத் திருடுவது பாவம் என்று எனக்குப் பட்டது. கடைசியில் கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பதில் அவ்வளவு குற்றமில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் வேறு வசனம் சொல்ல வாயெடுத்தபோது அம்மா கையைக் காட்டினாள். "இதே இருக்கட்டும். மாத்தாத."

அதன்பின் அதிகாரங்கள் நகர்ந்தன, வசனம் நகரவில்லை. அம்மா அப்பாவின் உளியைத் தீட்டி வைத்தாள். அவருடைய இரண்டு சட்டைகளைத் துவைத்து மடித்தாள். மழை பெய்து மரம் சீவ முடியாத நாட்களில் வாசலில் உட்கார்ந்து, உதடு அசைய, ஈர மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பெரட்டில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "என்ன தங்கச்சி, மழை நின்னா மச்சான் வந்திருவாராமே? கர்த்தர் தந்தி அடிச்சாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். "வந்திருவார்ணே. எழுதியிருக்கு."

நான் அவள் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மழை நின்றது. மரங்கள் இலை உதிர்த்தன. அப்பா வரவில்லை. அம்மா வசனத்தைச் சந்தேகிக்கவே இல்லை, தன்னைத்தான் சந்தேகித்தாள். "கொண்டுவருவேன்னுதான் சொல்லியிருக்கு. நாம போயி நின்னு வாங்கிக்கணும்போல. நான்தான் சும்மா உக்காந்திருந்துட்டேன்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடித்த சட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

மூன்று இடங்களில் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். பீடோர் ஸ்டேஷனில் நினைத்தேன், வண்டி வந்துவிட்டது. ஈப்போவில் நினைத்தேன், அம்மா எனக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நினைத்தேன். அவள் அப்பாவின் சட்டையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒரு மரத்தடி பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். முடி வெட்டியிருந்தது. கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்.

"நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

அம்மா தோட்டத்தின் பேரைச் சொன்னாள். தன் பேரைச் சொன்னாள். என்னை முன்னால் தள்ளி என் பேரைச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் நல்லது, நல்லது என்று தலையாட்டினார். சட்டையை வாங்கி, யாருடையது என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நிரையில் சொல்கிற அதே குரலில், சாம்பலில் உட்கார்ந்த மனிதனின் பேர், அதிகாரம், எண் எல்லாம் சேர்த்து, வசனத்தைச் சொன்னாள்.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். அத்தனை மாதங்களுக்கு முன்பு விளக்கடியில் உட்கார்ந்திருந்தவரின் கண்கள் வந்தன.

"மறுபடி சொல்லும்மா."

அம்மா மறுபடி சொன்னாள். அப்பா விரல்களை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தார்.

"அப்படி ஒண்ணு கிடையாதே. அந்த அதிகாரம் இருபத்தாறோட முடிஞ்சிருது. உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லிக்குடுத்திருக்காங்க" என்றார். பிறகு, புண்படுத்திவிட்டோமோ என்று நினைத்தவர்போல மெதுவாகச் சேர்த்தார்: "படிக்கத் தெரிஞ்சவங்க யாரையாச்சும் கேட்டுப் பாருங்க."

அம்மா என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு சட்டையை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

திரும்பும் வண்டியில் நான் மனதுக்குள் பட்டியல் போட்டேன். ஒன்று, அப்பா மெலியவில்லை. இரண்டு, சத்தம் போடவில்லை. மூன்று, அம்மா என்னை அடிக்கவில்லை. நான்கு, அப்பாவுக்கு வசன எண்கூட மறக்கவில்லை. நான்காவதுதான் பெரிது என்று தோன்றியதால் அம்மாவுக்கும் சொன்னேன்: "அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. சீக்கிரம் நல்லாயிரும்."

"ம்" என்றாள். கம்பார் தாண்டும் வரை ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

மறுநாள் வழக்கம்போல விளக்கு, வரக்காப்பி. நான் அடையாள நூலை எடுத்தபோது அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"மூணாம் அதிகாரம். இருபத்தாறு. அத வாசி."

வாசித்தேன். ஓய்வும் இல்லை, அமைதியும் இல்லை, வந்து சேர்ந்தது கலக்கம்தான் என்று அந்த மனிதன் சொல்லி நிறுத்துகிற இடம். அம்மா என் பின்னால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அதன்பின் அந்த வீட்டில் நாங்கள் இருந்த எட்டு வருடமும் அவள் வேறு வசனம் கேட்கவில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது சின்ன வசனம். இரண்டாம் முறையிலேயே அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. மணி அடிப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்ததே என்று மகிழ்ந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இன்னொரு கோப்பை காப்பி கேட்டேன்.