பைக்குப் பார்த்த நேரம்

விமலேஸ்வரி முரசுமோட்டைக்கு வந்து பதினொரு வருசம். காடு வெட்டினாள், கதிர் அறுத்தாள், மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். ரயிலில் மட்டும் ஏறவில்லை. வயலெல்லாம் பாலைவனமாய்க் காய்ந்து கிடந்த அந்த ஆவணியில், பள்ளிக்கூட விடுமுறைக்குக் கொழும்பு பார்க்கலாம், அதுவும் ரயிலில் படுத்துக்கொண்டே போகலாம் என்று ஆசை காட்டியவர் புருசன் பரமலிங்கம்தான்.

பயணம் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அவர் புதன்கிழமையே நல்ல நேரம் பார்த்து, ஒரு பையை அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பை புறப்பட்டால் ஆட்களும் புறப்பட்ட மாதிரித்தான். ரயில் டிக்கெட் துண்டுகளையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார்.

வெள்ளி பின்னேரம் போனால் அயல்வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் மாங்குளத்தில் நடந்த கலியாணவீட்டுக்குப் போய்விட்டார்கள்.

துண்டில்லாமல் படுக்கை கிடைக்காது என்று பரந்தன் ஸ்டேசனில் சொல்லிவிட்டார்கள்.

"சகுனம் சரியில்லையப்பா. அடுத்த வருசம் பாப்பம்" என்றார் பரமலிங்கம்.

"துண்டை ஏன் அதுக்குள்ள வைச்சனீங்கள்?"

"வெறும் பை வைக்கக்கூடாதெல்லே?"

"ரெண்டு சீலை வைச்சால் காணாதோ?" அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "உங்கட பைக்கு நேரம் பாத்தீங்கள். எனக்கு எப்ப பாத்தனீங்கள்?"

முட்டை விற்ற காசை முந்தானையில் இருந்து அவிழ்த்து, தனக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் மூன்றாம் வகுப்புத் துண்டு எடுத்தாள். ரயில் வந்ததும் ஏறிவிட்டாள். பரமலிங்கம் ஓடிப்போய்த் தனக்கொரு துண்டு எடுத்து, கடைசி நிமிசத்தில் தொற்றிக்கொண்டார்.

படுக்க எங்கே இடம்? பலகை வாங்கில் பிள்ளைகளை நெருக்கி இருத்தி, புட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தாள். வவுனியா தாண்டும்வரை அவருக்கு ஒரு பிடி கொடுக்கவில்லை.