மண்மேட்டுக்குக் கீழே ஒரு வாடகை வீடு

வங்கியில் எனக்காகப் பிணைக் கையெழுத்துப் போட்டு முடித்ததும் என் நண்பன், "வா மச்சான், டீ குடிப்போம்" என்று எழுந்துவிட்டான். எனக்குத்தான் அந்த ஹட்டன் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வாடகைக்கு விடலாமென்று நான் வாங்கிய வீட்டை ஈடாக வைத்தே வங்கி கடன் கொடுத்தது. ஆனால் கடைச் சம்பளக்காரனான என் கையெழுத்து மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. அவன் அரசாங்கப் பள்ளிக்கூட மாஸ்டர். நான் கட்டாவிட்டால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். "ஒரே லயத்தில வளர்ந்தவங்க நாங்க, வேற யாரு போடுவா?" என்று அதிகாரியிடம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். சுவரைத் தட்டினோம், குழாயைத் திறந்தோம். பின்சுவரிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற மண்மேடு மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்குப் பின்னாலும் மேடுதான். அங்கே மழைக்கு முன்னால் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடத் தோட்ட நிர்வாகம் ஆள் அனுப்பும். சொந்த வீட்டுக்கு யார் அனுப்புவார்கள் என்று இரண்டு மடையர்களுக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் மேட்டுத் தண்ணீர் இறங்கிப் பின்சுவர் வெடித்தது. குடியிருந்தவர்கள் சாமான் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாக யாரும் வரவில்லை. விற்கலாமென்றால் வெடித்த வீட்டை யார் வாங்குவார்? தவணை நின்றால் அவன் சம்பளத்தில் கைவைப்பார்களே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி முகத்தில் விழிக்கப் பயந்து கோயில் பக்கமே போகாமலிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். "எப்படியும் என் சம்பளத்திலதானே போகப்போகுது. அதை வாடகையா தர்றேன். நாங்க அங்க குடிவர்றோம்."

"சுவரு வெடிச்சிருக்குடா. பிள்ளைங்க இருக்காங்க."

"முன்னறையில படுத்துக்கிறோம்."

எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன். அவன் மனைவி அதற்குள் சட்டிபானையை மூட்டை கட்டிவிட்டிருந்தார். பிறகு நாங்களே கான் வெட்டினோம், வெடிப்பைப் பூசினோம். மேடு அப்படியேதான் நிற்கிறது.

அப்போதெல்லாம் வங்கிக்குப் பயந்தேன். இப்போது தவணை ஒழுங்காகப் போகிறது. நான்தான் மழைக்குப் பயந்து சாகிறேன். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டதும் கை தானாகப் போனைத் தேடும். அவனைக் கூப்பிடுவேன். நான் ஏன் கூப்பிடுகிறேன் என்று அவன் இதுவரை கேட்டதில்லை. எடுத்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவான்: "இருக்கோம் மச்சான்."