வரலாம் என்ற ஹெட்செட், வாங்கி வந்த கண்ணாடி

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். அண்ணன் தூங்கியதும் அவன் போனை எடுத்துவந்து எழுதுகிறேன். தெரிந்தால் அடிப்பான்.

அம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். வெயிலில் உப்பு அடிக்கிற வெள்ளையில் கண் கூசிக் கூசி மங்கிவருகிறது. கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார் டாக்டர்.

"அதெல்லாம் வேஸ்ட்மா. புது சிப் வச்ச ஹெட்செட் வருது. கண்ணுமேல மாட்டினா கூசவே கூசாது."

ஆறு மாதமாக அண்ணன் இதையே சொல்கிறான். வீடியோவில் யாரோ "வரலாம்" என்றதை இவன் "வருது" ஆக்கிவிட்டான்.

இன்று நானே பஸ் ஸ்டாண்டில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தேன். அம்மா ஆசையாக மாட்டிப் பார்த்தார். அண்ணன் பார்த்துவிட்டான்.

"இன்னாம்மா, சினிமா ஸ்டாரா? உப்பளத்துல எல்லாம் சிரிக்கப் போறாங்க."

அம்மா உடனே கழற்றிவிட்டார். நான் சும்மா விடவில்லை.

"ஏண்ணா, ஹெட்செட்ட மாட்டிக்கினு உப்பு வாரினா மட்டும் சிரிக்க மாட்டாங்களா?"

கையை ஓங்கினான்.

கண்ணாடியை அம்மாவின் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். நாளை அங்கே போய்த் திறக்கும்போது கிடைக்கும். அண்ணன் அங்கே இருக்கமாட்டான்.

அந்த ஹெட்செட் எப்போது வரும் என்று இதைப் படிக்கிற யாருக்காவது தெரியுமா? "வரலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஐயோ, அண்ணன் எழுந்துவிட்டான், கதவைத் தட்டுகிறான்