நாட்குறிப்பில் எழுதாத கஷாயம்

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய் மூன்றாம் முறையாகத் திரும்பியபோது, எதிர்ப்புச் சக்தியை நோயின் மேல் ஏவிவிடும் இரண்டு மருந்துகளை ஊசியாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஓர் ஆய்வில் இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாட்குறிப்பைத் தந்தார்கள். "தலைவலி மாத்திரை போட்டாக்கூட இதுல எழுதணும் மேடம்." பள்ளி ஆசிரியையான என்னிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஓனர் அக்கா, வேலியில் படர்ந்திருந்த சீந்தில் கொடியை வெட்டிக் கொடுத்தார். "வெறும் கொடிதானே, உடம்புக்கு நல்லது." தினமும் காலையில் இடித்துக் காய்ச்சிக் கொடுத்தேன். நாட்குறிப்பில் 'வேறு மருந்து' என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எழுதினால் நிறுத்தச் சொல்வார்கள் என்று தெரியும். தெரிந்தேதான் மறைத்தேன்.

மூன்றாம் வாரம் கல்லீரல் கெட்டிருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. ஊசியை நிறுத்திவிட்டார்கள். வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது நாட்குறிப்பை நீட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லையே என்று ஆட்டோவில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு.

அடுத்த முறை போனபோது பீர்க்கன்கரணைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டெம்போ ஓட்டியவர். அதே ஆய்வில் அடுத்துச் சேர வேண்டியவர்.

"எனக்குத் தள்ளிப் போட்டுகினே கீறாங்க மேடம். முன்னாடி ஊசி போட்டவரு யாருக்கோ லிவரு பேஜாராயிடுச்சாம். இன்னா காரணம்னு தெரிஞ்சாத்தான் எனக்குப் போடுவாங்களாம்." பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. "அவரு இன்னா பாடுபடுறாரோ பாவம். மொதல்ல அவரு நல்லா ஆவட்டும்."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

சீந்திலும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிக் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது என்றார் அவர்; திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாட்குறிப்பைத் திறந்து, ஒவ்வோர் 'இல்லை'யையும் ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 'சீந்தில் கஷாயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பத்தொன்பது இடங்களில் போட்டேன்.

கஷாயத்தை நிறுத்தியதும் இவருக்குக் கல்லீரல் தேறியது. டெம்போக்காரருக்கும் ஊசி ஆரம்பித்தார்கள். ஆனால் அந்தக் காத்திருப்பில் நோய் அவர் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. நடந்து வந்தவர் சக்கர நாற்காலியில் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"காரணம் தெரிஞ்சிடுச்சாம் மேடம். யாரோ புண்ணியவான் தானா வந்து சொன்னாராம். அவரு நல்லா இருக்கணும்" என்று மேலே பார்த்துக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன்.